தண்ணீர்த் தொட்டியில் ஒரு விமானம்

1954-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள். ரோம் நகரிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட 'காமெட்' என்னும் ஜெட் விமானத்தின் விமானி, வேறொரு விமானத்தின் விமானியுடன் வானொலியில் பேசிக்கொண்டிருந்தார். பேச்சு பாதி வாக்கியத்தில் நின்றுபோயிற்று. எல்பா தீவுக்கு அருகே விமானம் சிதறிக் கடலில் விழுந்தது. அதிலிருந்த 35 பேரும் மாண்டனர்.

காமெட்தான் பயணிகளை ஏற்றிச்சென்ற முதல் ஜெட் விமானம். 1952 மே மாதத்தில் சேவைக்கு வந்தது. விபத்துக்குப் பின் காமெட் விமானங்களெல்லாம் நிறுத்தப்பட்டன. எஞ்சினில் தீப்பிடித்திருக்கலாமோ என்பது போன்ற ஊகங்கள் எழுந்தன. ஒவ்வோர் ஊகத்துக்கும் ஏற்ற திருத்தங்கள் செய்யப்பட்டன. உண்மைக் காரணம் மட்டும் தெரியவில்லை. ஆயினும் மார்ச் 23-இல் அவை மீண்டும் பறக்கலாயின. பதினாறே நாட்களில், ஏப்ரல் 8-இல், இன்னொரு காமெட் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகருக்குத் தெற்கே கடலில் விழுந்தது. 21 பேர் இறந்தனர். ஊகத்தை விடையாகக் கொண்டதற்குக் கொடுத்த விலை இது.

இப்போது விசாரணைப் பொறுப்பு ஃபார்ன்பரோவில் உள்ள பிரிட்டிஷ் வானூர்தி ஆய்வுநிலையத்திடம் வந்தது. அதன் தலைவர் ஆர்னால்டு ஹால். எல்பா அருகே மூழ்கிய பகுதிகளைப் பிரிட்டிஷ் கடற்படை நீருக்கடித் தொலைக்காட்சிக் காமிராக்களின் உதவியுடன் தேடி எடுத்தது. இறந்தோரின் உடல்களைச் சோதித்த இத்தாலிய மருத்துவர்கள், நுரையீரல்கள் வெடித்திருந்ததைக் கண்டனர். காற்றழுத்தம் திடீரென்று குறைந்தால்தான் அப்படி ஆகும்.

காமெட் பறந்த 10, 12 கிலோமீட்டர் உயரத்தில் காற்று மிகவும் மெல்லியது. பயணிகள் மூச்சுவிட வேண்டுமானால் விமான அறைக்குள் காற்றை அழுத்தி நிரப்ப வேண்டும். உள்ளிருந்து வெளியே தள்ளும் விசை, ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் ஏறத்தாழ 6 டன் எடைக்குச் சமம்! அதைத் தாங்குவது, பல இடங்களில் ஒரு மில்லிமீட்டரினும் மெல்லிய அலுமினியக் கலவைத் தகடு. விமானம் ஏறும்போது தகடு விறைக்கும், இறங்கும்போது தளரும். ஒரு கம்பித்துண்டை முன்னும் பின்னும் வளைத்துக்கொண்டே இருங்கள். ஒரே வளைப்பில் முறியாத கம்பி இருபதாம் வளைப்பில் முறியும். இதற்கு உலோகச் சோர்வு என்று பெயர்.

காமெட்டும் இப்படித்தான் சோர்ந்ததா? சோதிக்க வேண்டுமானால் விமானத்துக்குள் அழுத்தத்தை ஏற்றி இறக்க வேண்டும். காற்றைக் கொண்டு செய்தால் என்ன? அழுத்தப்பட்ட காற்று ஏராளமான ஆற்றலைச் சேமித்து வைத்திருக்கும். அறை கிழிந்தால் குண்டு வெடித்தது போலாகும். கிழிசல் எங்கே தொடங்கியது என்ற தடயமும் சிதறிப்போகும். தண்ணீரோ அநேகமாக அமுங்குவதே இல்லை. சிறிது நீர் கசிந்தாலே அழுத்தம் விழுந்துவிடும். விரிசல் அதற்குமேல் ஓடாது. ஆகவே முழு விமானம் ஒன்றைப் பெரிய தொட்டிக்குள் வைத்து, உள்ளும் புறமும் நீரால் நிரப்பினார்கள். வெளியிலும் நீர் இருந்ததால், உள்ளேயிருந்த நீரின் பாரம் விமானத்தை வருத்தவில்லை. இறக்கைகள் தொட்டிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. அவற்றை எந்திரங்கள் மேலும் கீழும் அசைத்தன. மூன்று மணிநேரப் பயணத்தின் உழைப்பைச் சில நிமிடங்களில் தகடு அனுபவித்தது. இவ்வளவு எளிய பௌதிகத்தை இவ்வளவு பெரிதாகப் பயன்படுத்திய சோதனையை நான் வேறெங்கும் கண்டதில்லை.

ஜூன் மாத இறுதியில் தகடு கிழிந்தது. அந்த விமானம் முன்பு வானில் பறந்தவற்றையும் சேர்த்து 3,057 'பயணங்கள்' ஆகியிருந்தன. கிழிசல் தொடங்கிய இடம், அவசர வழிக்காக வெட்டப்பட்ட திறப்பின் மூலை.

மூலை ஏன்? ஜவுளிக்கடைக்காரர் துணியின் ஓரத்தில் கத்தரியால் சிறு வெட்டுப் போட்டுவிட்டுக் கிழிப்பதைப் பார்த்திருப்பீர்கள். இழுவிசை முழுவதும் அந்த வெட்டின் நுனியில் குவிகிறது. தகட்டில் திறப்புகளின் மூலைகளிலும் ஆணித் துளைகளிலும் அவ்வாறே தகைவு குவியும். எல்பா அருகே விழுந்த விமானத்தின் கூரைத் துண்டு பின்னர் கிடைத்தபோது, அங்கும் விரிசல் ஒரு திறப்பின் மூலையருகேதான் தொடங்கியிருந்தது. பயணிகளின் சன்னல்கள் சதுரமாக இருந்ததே காரணம் என்று பலர் எழுதுகிறார்கள், அது சரியன்று. கூரையில் இருந்த அந்தத் திறப்பு, வானொலித் திசைகாட்டியின் ஏரியலுக்காக வெட்டப்பட்டது.

விமானத்தைக் கட்டிய டி ஹாவிலண்ட் நிறுவனம் சோதிக்காமல் விட்டதா? இல்லை, ஆயிரக்கணக்கான முறை சோதித்தது. ஆனால் சோதனைக்கு எடுத்த பகுதிக்கு முதலில் இருமடங்கு அழுத்தம் கொடுத்திருந்தார்கள். அதில் மூலைகளின் உலோகம் சற்றே நிலையாக நீண்டு, பின்பு வந்த தகைவுகளைத் தாங்கும் பக்குவம் பெற்றுவிட்டது. பயணிகளை ஏற்றிய விமானங்களுக்கு அந்தப் பக்குவம் கிடைக்கவில்லை.

கண்ட உண்மைகளைப் பகிரங்க விசாரணையில் வைத்ததால், போட்டி நிறுவனங்களும் அவற்றைக் கற்றுக்கொண்டன. சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1951-லேயே ஏற்ற விதிகளின் நோக்கமும் இதுவே: விசாரணை என்பது விபத்து மறுபடி நேராமல் தடுப்பதற்கு, குற்றவாளியைச் சுட்டுவதற்கு அன்று. இக்காலத்தில் விபத்து மட்டுமல்ல, மயிரிழையில் தப்பிய நிகழ்ச்சியும் விசாரிக்கப்படுகிறது. இரு விமானங்கள் மோதிக்கொள்ளாமல் தப்பினாலும் அது 'கடும் நிகழ்வு'; யாருக்கும் கீறல்கூட இல்லையென்றாலும் தெரிவித்தாக வேண்டும். இந்தியாவில் இதற்கென விமான விபத்து விசாரணைப் பணியகம் 2012-இல் அமைந்தது.

தடித்த தகடும் புதிய வடிவமைப்பும் பெற்ற காமெட், 1958 அக்டோபரில் அட்லாண்டிக்கைக் கடந்து மீண்டும் பயணிகளை ஏற்றிச் சென்றது. கடலிலிருந்து எடுத்த அந்தக் கூரைத் துண்டு லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.