உறுப்பினர் ஏடும் கணிப்பொறியும்



சங்கம் என்றால் என்ன? கட்டடமா, பெயர்ப்பலகையா, ஆண்டு விழாவா? இவை யாவும் இல்லாமலும் சங்கம் இருக்கலாம். ஆனால், இன்னார் நம்மைச் சேர்ந்தவர் என்று கூறும் பட்டியல் இல்லாமல் சங்கம் இருக்க இயலாது. அப்பட்டியலையே உறுப்பினர் ஏடு என்கிறோம். அதனைப் பழுதின்றிப் பேணுவது எப்படி, அப்பணியில் கணிப்பொறி எவ்வளவு தூரம் துணைசெய்யும் என்பதை இன்று காண்போம்.

1844-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நாட்டு ராச்டேல் நகரில் 28 பேர் சேர்ந்து ஒரு கூட்டுறவுக் கடையைத் திறந்தனர். பங்கு எவ்வளவாயினும் ஒருவருக்கு ஒரு வாக்கே; ஆதாயமோ அவரவர் வாங்கிய சரக்கின் அளவுக்கேற்ப என்பது அவர்கள் வகுத்த நெறி. இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் 1904-இல் வந்தது. அதே ஆண்டில் சென்னையில் திருவல்லிக்கேணிக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. இத்தகைய சங்கங்களுக்கெல்லாம் அடிப்படை அந்த ஏடே. அதில் ஒரு பெயர் விடுபட்டால் ஒருவரின் உரிமை போய்விடும்; ஒரு பெயர் இருமுறை ஏறினால் மற்றவர்களின் உரிமை குறைந்துவிடும். ஆகவே, ஏட்டைச் செம்மையாக வைத்திருப்பது எழுத்தர் வேலை மட்டுமன்று. அது நீதியின் பாற்பட்டது.

நம் பகுதியிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுக் காண்போம். வெள்ளாற்றங்கரையில் உள்ள சேத்தியாத்தோப்பில் எம்.ஆர்.கே. கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. இது போன்ற கூட்டுறவு ஆலையில் கரும்பு பயிரிடுவோரே உறுப்பினர். கரும்பு முதிர ஏறத்தாழப் பத்து முதல் பன்னிரண்டு திங்கள் ஆகும். முதிர்ந்ததைக் காலத்தில் வெட்ட வேண்டும். வெட்டியதை விரைவில் பிழிய வேண்டும். தாமதித்தால் எடையும் இனிப்பும் குறையும். எல்லோரும் ஒரே நாளில் வெட்டினால் ஆலையால் அரைத்து மாளாது. எனவே, நடவு நாளைப் பார்த்து, முறை வைத்து வெட்டு உத்தரவு வழங்க வேண்டியிருக்கிறது.

ஓர் உழவர் ஏப்ரல் 12-ஆம் நாள் நட்டார் என்று வைத்துக்கொள்வோம். 12-4 என்பதை எழுத்தர் 4-12 என்று பதிந்துவிட்டார். ஏடு இப்போது டிசம்பர் 4 என்று சொல்லும். ஏட்டை மட்டும் நம்பினால் அவர் முறை ஏறக்குறைய எட்டுத் திங்கள் பிந்திவிடும்! வயலில் நிற்கும் கரும்பு அதுவரை காத்திருக்குமா? இரண்டு எண்கள் இடம் மாறியதால் ஓராண்டு உழைப்பு காய்ந்து போகும். நாள், திங்கள், ஆண்டு என்ற வரிசையை முன்பே உறுதிசெய்து, திங்களை எழுத்தால் எழுதியிருந்தால் இத்தவறு நேர்ந்திராது.

அடுத்துப் பெயர். ‘க. இராசேந்திரன்’, ‘ராஜேந்திரன் க.’, ‘கந்தசாமி ராஜேந்திரன்’ ஆகிய மூவரும் ஒருவரே என்பது ஊராருக்குத் தெரியும், கணிப்பொறிக்குத் தெரியாது. அது மூன்று ஆட்கள் என்றே கொள்ளும். மறுபுறம், ஒரே ஊரில் கந்தசாமி மகன் ராஜேந்திரன் இருவர் இருக்கலாம். அது அவர்களை ஒருவராக்கிவிடும். இதற்கு மருந்து உறுப்பினர் எண். ஒருவருக்கு ஒரே எண். அவர் மறைந்த பின்னும் அவ்வெண்ணைப் பிறருக்கு வழங்கலாகாது.

முகவரி, கைப்பேசி எண் போன்ற செய்திகளை ஓரிடத்தில் மட்டும் பதிய வேண்டும். சந்தா ஏட்டில் ஒன்று, கடன் ஏட்டில் ஒன்று, வாக்காளர் பட்டியலில் ஒன்று என்று எழுதி வைத்தால், வீடு மாறியவருக்கு மூன்று முகவரிகள் ஏற்படும். மற்ற ஏடுகளில் உறுப்பினர் எண் மட்டும் இருந்தால் போதும். அவ்வெண்ணைக் கொண்டு கணிப்பொறி முதல் ஏட்டிலிருந்து முகவரியை எடுத்துக்கொள்ளும்.

தமிழில் பதிவோர்க்கு மற்றொரு கவனமும் வேண்டும். முற்காலத்தில் பற்பல எழுத்துருக்கள் வழங்கின. ஒரு பொறியில் தட்டச்சிட்டது மற்றொன்றில் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தது. யூனிகோடு முறையைத் தமிழ்நாடு அரசு 2010-இல் ஏற்றது. பழைய பட்டியல்களை அம்முறைக்கு மாற்றி, ஒவ்வொரு பெயரையும் கண்ணால் சரிபார்ப்பது நலம்.

நாட்டிலுள்ள 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களைக் கணினிமயமாக்கும் திட்டத்திற்கு 2022-இல் மைய அரசு ஒப்புதல் அளித்தது. அப்போதைய மதிப்பீடு 2,516 கோடி ரூபாய். இவ்வளவு பெரிய முயற்சியும் இறுதியில் சிற்றூர்ச் சங்கத்தின் பழைய பேரேட்டில்தான் தொடங்கியாக வேண்டும். அங்குள்ள பிழையைக் கணிப்பொறி திருத்தாது. விரைவாகப் படியெடுத்துப் பரப்பும்.

ஆதலின், செய்முறை இவ்வாறு அமைதல் வேண்டும். முதலில், ஏட்டினிடம் நாம் கேட்கப்போகும் வினாக்களை எழுதிக்கொள்க. பிறகு பழைய ஏட்டைத் திருத்துக. ஒரு தெருவையோ ஒரு சிற்றூரையோ எடுத்துச் சோதித்துப் பார்க்க. ஒரு பருவம் வரை பழைய ஏடும் புதிய பதிவும் உடனோடட்டும். படி ஒன்றை வேறிடத்தில் காப்பாற்றுக. அனைத்திற்கும் மேலாக, அவரவர் பதிவை அவரவரிடமே காட்டிச் சரிபார்க்கச் செய்க. தன் பெயரில் உள்ள பிழையை உரியவரைப் போல் விரைந்து காண்பவர் யாருமிலர்.

ஆனால், எல்லார் செய்தியையும் எல்லாரும் பார்க்கலாகாது. தனிநபர் தரவுகளைக் காக்க 2023-இல் இந்தியாவில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் ஒருபுறம் இருக்க, பண்பும் அதையே வேண்டுகிறது. தேவையற்றதைக் கேளாதிருத்தலே முதற்காவல். நூலகச் சங்கத்தில் சேர வருபவரிடம் ஆதார் படி எதற்கு? வாங்கினால் அதைக் காக்கும் பொறுப்பும் நம்மைச் சேர்ந்துவிடும்.

மாணவர்களே, உங்கள் பள்ளி இலக்கிய மன்றத்திலோ கல்லூரி மாணவர் சங்கத்திலோ இவ்வாரமே ஒரு பணி செய்யலாம். உறுப்பினர் பட்டியலை எடுத்து, பத்துப் பெயர்களை உரியவர்களிடம் காட்டிச் சரிபாருங்கள். எத்தனை திருத்தங்கள் வருகின்றன என்று எண்ணிப் பாருங்கள். மென்பொருள் வாங்குவதைப் பற்றி அதன் பின்னர்ப் பேசலாம்.