ஆலைக் கட்டட விடுதிகள்

உற்பத்தி நின்றுபோன அல்லது குறைந்துபோன தொழிற்கூடத்தை அறைகளாகத் தடுத்து, கட்டில்கள் போட்டு, ஆட்கள் தங்குவதற்காக மாற்றிய இடமே ஆலைக் கட்டட விடுதி. வேலை இருக்கும் ஊரில் வீடு கிடைக்காதபோது இவை உருவாகின்றன.

பூந்தமல்லியை அடுத்த திருமழிசை, ஆழ்வார் பிறந்த தலமாக அறியப்பட்ட ஊர். இன்று அங்கே சிட்கோ தொழிற்பேட்டையும் உண்டு. இத்தகைய ஊரில் விடுதி தேடுபவர், 'இந்தக் கட்டடம் முன்பு என்னவாக இருந்தது?' என்று கேட்பது நல்லது. காரணம் எளிது. ஆலை, இயந்திரத்துக்கும் சரக்குக்கும் கட்டப்பட்டது; அங்கே இருப்பவர்கள் வேலை முடிந்ததும் வெளியேறிவிடுவார்கள். விடுதியிலோ மனிதர் அயர்ந்து தூங்குகிறார்கள்.

தகரக் கூரையின் கீழ் பகல் வெப்பம் தேங்கும். இரவுப் பணி முடிந்து பகலில் உறங்குபவருக்கு இது பெரும் தொல்லை. சன்னல்கள் உயரத்தில் இருப்பதால், பலகைத் தடுப்பு வைத்தவுடன் உள்ளறைகளுக்குக் காற்று வராது. சரக்கு வண்டிக்கென வைத்த ஷட்டர் கதவு ஒன்றுதான் வழி என்றால், தீப்பிடிக்கும்போது புகை முந்திக்கொள்ளும். கழிப்பறைகளுக்கு முன் காலையில் ஷிஃப்ட் பேருந்து வரும் நேரத்தில் வரிசை நிற்கும்.

உயரமான கூரை இடம் தாராளமாக இருப்பதுபோல் காட்டும். அதை நம்பக் கூடாது. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் ஒரு தொழிலாளிக்கு 14.2 கன மீட்டர் இடம் வேண்டும் என்றபோதே, தரையிலிருந்து 4.2 மீட்டருக்கு மேலுள்ள வெளியைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்றது. அதுகூட வேலை செய்யும் இடத்துக்கான அளவுதான், படுக்கும் இடத்துக்கானது அல்ல.

இந்த வகை விடுதியை அரசே தனிப்பிரிவாக வகைப்படுத்தியிருக்கும் நாடு சிங்கப்பூர். தமிழகத்திலிருந்து கட்டுமானத்துக்கும் கப்பல் பட்டறைக்கும் சென்றவர்கள் பலர் அங்கே இவற்றில் தங்கியிருக்கிறார்கள். 2020 ஏப்ரலில், தொழிலாளருக்கென்றே கட்டிய 43 பெரிய விடுதிகளில் சுமார் 2 லட்சம் பேரும், ஆலைகளிலிருந்து மாற்றப்பட்ட ஏறத்தாழ 1,200 விடுதிகளில் சுமார் 95,000 பேரும் இருந்தனர். கொரோனா பரவியபோது நெரிசலின் விலை தெரிந்தது: அவ்வாண்டு இறுதிக்குள் விடுதிவாசிகளில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று ஏற்பட்டிருந்தது.

அதன்பின் 2021இல் புதிய விடுதிகளுக்கு விதிகள் இறுகின: அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, ஆளுக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர். 6 பேருக்கு ஒரு கழிப்பறை. விடுதிகளுக்கான சட்டம் முதலில் 1,000 படுக்கைகளும் அதற்கு மேலும் உள்ளவற்றை மட்டுமே கட்டுப்படுத்தியது. ஆகவே சிறிய ஆலை விடுதிகள் பெரும்பாலும் அதற்கு வெளியே நின்றன. 2023 ஏப்ரலில்தான் 7 படுக்கைகள் உள்ள விடுதிவரை அது நீட்டிக்கப்பட்டது.

தமிழ்நாட்டில் பெண்கள், குழந்தைகள் தங்கும் விடுதிகளுக்கு 2014ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் பெற வேண்டும். பணம் கட்டும் முன் அந்த உரிமத்தைக் காட்டச் சொல்லலாம். ஆண்கள் விடுதிகள் இச்சட்டத்துக்குள் வரவில்லை. அங்கே தங்கப்போகும் இளைஞர், இரண்டாவது வெளிவழி இருக்கிறதா, இரவில் ஷட்டரைப் பூட்டினால் சாவி யாரிடம் இருக்கும் என்பதைத் தாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.