தண்டுவடத்தின் இருவழிப் பாதை

அரிமளத்துக் கண்மாய்க் கரையில் வெறுங்காலுடன் நடக்கும் சிறுவனின் பாதத்தில் கருவேல முள் தைக்கிறது. வலியென்று மூளை அறியுமுன்பே கால் மேலெழுந்து விடுகிறது. அந்த அவசர ஆணையைப் பிறப்பிப்பது தண்டுவடமே. ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நீளமுள்ள அவ்வடத்தினுள் உணர்வுகள் ஏறும் பாதைகளும் கட்டளைகள் இறங்கும் பாதைகளும் தனித்தனியே அமைந்துள்ளன.

இவற்றுள் ஒரு விந்தை உண்டு. வலியும் வெப்பமும் வடத்தில் நுழைந்த சிறிது தூரத்திலேயே எதிர்ப்பக்கம் தாண்டிவிடுகின்றன. நுண்ணிய தொடுவுணர்வோ, வந்த பக்கத்திலேயே முகுளம்வரை ஏறி, அங்கேதான் பக்கம் மாறுகிறது. பெருமூளையிலிருந்து இறங்கும் இயக்கக் கட்டளைகளுள் பெரும்பாலானவையும் முகுளத்திலேயே குறுக்கே கடக்கின்றன. ஆகவே, முதுகுப் பகுதியில் வடத்தின் வலப்பாதி மட்டும் வெட்டுண்டால் என்ன நேரும்? வலக்கால் அசையாது, ஆயினும் முள் குத்தினால் வலிக்கும். இடக்கால் அசையும், முள் தைத்தாலோ வலி தெரியாது! 19ஆம் நூற்றாண்டில் பிரௌன்-செக்கார் என்னும் அறிஞர் இதனை விளக்கினார்.

வடம் முழுவதும் சிதைந்தால் இருவழியும் அடைபடும். 1954இல் வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸ் அம்மையார் ஊர்தி விபத்தொன்றில் கால்களின் இயக்கத்தை இழந்தார். கைகளுக்குரிய நரம்புகள் கழுத்தருகே பிரிந்துவிடுவதால் அவை தப்பின. சக்கர நாற்காலியில் அமர்ந்தே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்தார். அந்நோயாளருக்கோ தண்டுவடம் நலமே. கையிலுள்ள நரம்புகள்தாம் கெட்டிருந்தன. அம்மையாரின் முயற்சியால் 1966இல் வேலூரில் மறுவாழ்வு நிலையம் எழுந்தது.

மாணவர்களே, மரத்திலிருந்து வீழ்ந்தவரைக் கைகால் பற்றித் தூக்காதீர்கள். எலும்பு மட்டும் முறிந்திருந்த இடத்தில் வடமும் நசுங்கிவிடக்கூடும். கழுத்தும் முதுகும் வளையாமல், பலர் சேர்ந்து பலகையில் கிடத்தியே கொண்டு செல்லவேண்டும்.