வழக்கேட்டிலிருந்து வாழ்க்கைக்கு: அண்மைக்காலத் தமிழக அபுனைவு நூல்களும் ஜவ்வாது மலையடிவாரமும்

ஆய்வுச் சுருக்கம்

அண்மை ஆண்டுகளில் வெளிவந்த தமிழக அபுனைவு நூல்கள், அரசு ஆவணங்களில் ஒரு வரியாக மட்டும் இடம்பெற்ற எளிய மனிதர்களை வரலாற்றின் மையத்திற்குக் கொண்டுவருகின்றன. அவ்வாறு கொண்டுவருவதற்கு அவை கையாளும் மூன்று நெறிகளை இக்கட்டுரை இனங்காண்கிறது: நீதிமன்ற, காவல்துறை ஆவணங்களை மாற்றி வாசித்தல், ஒரு பொருளின் வழியே சமூகத்தைக் காணுதல், உழைப்பின் கணக்கை உழைப்பவரின் பக்கமிருந்து போடுதல். கண்ணமங்கலத்தையும் அதனை அடுத்துள்ள ஜவ்வாது மலைப்பகுதியையும் களமாகக் கொண்டு, இம்மூன்று நெறிகளும் தனித்தனியே எதனைக் காட்டுகின்றன, எதனை மறைக்கின்றன என்பது இங்கு ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: அபுனைவு, ஜவ்வாது மலை, கண்ணமங்கலம், மலையாளி பழங்குடியினர், சந்தனம், செம்மரம், நடுகல், வாய்மொழி வரலாறு

முன்னுரை

திருவண்ணாமலை மாவட்டம் ஆரணி வட்டத்தைச் சேர்ந்த கண்ணமங்கலம், ஜவ்வாது மலையின் கிழக்கு அடிவாரத்தில் அமைந்த பேரூர். வேலூரிலிருந்து போளூர் வழியாகத் திருவண்ணாமலைக்குச் செல்லும் சாலையும் ஆரணிக்குச் செல்லும் சாலையும் இங்குப் பிரிகின்றன. காட்பாடி – விழுப்புரம் இருப்புப்பாதையில் இவ்வூருக்கு நிலையம் உண்டு. அருகிலுள்ள படவேடு, பதினான்காம் நூற்றாண்டில் சம்புவராயர்களின் தலைநகராக விளங்கியது. மலையிலிருந்து இறங்கும் பொருளும் உழைப்பும் சமவெளியின் சந்தையைச் சேரும் இடங்களுள் ஒன்றாக இவ்வூரைக் கொள்ளலாம்.

இத்தகைய ஊர்களின் வரலாற்றை எழுத முற்படும் ஆய்வாளர் முதலில் எதிர்கொள்வது சான்றுகளின் சமமின்மை. அரசர்களைப் பற்றிக் கல்வெட்டும் காவியமும் உள்ளன. காட்டைப் பற்றி வனத்துறையின் பதிவேடுகள் உள்ளன. காட்டில் உழைத்தவர்களோ பெரும்பாலும் குற்றம் சாட்டப்பட்டபோதோ இறந்தபோதோதான் எழுத்தில் இடம்பெறுகின்றனர். இந்தச் சமமின்மையை எவ்வாறு கடப்பது என்னும் வினாவுக்கு அண்மைக்கால அபுனைவு நூல்கள் சில விடைகளைத் தருகின்றன.

1. ஆவணத்தை மாற்றி வாசித்தல்

ஆ.இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ என்னும் நூல் 2024ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருதைப் பெற்றது. வ.உ. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் கைதானதைத் தொடர்ந்து 1908 மார்ச் 13 அன்று திருநெல்வேலியில் மக்கள் கிளர்ந்தெழுந்தனர். காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டில் நால்வர் உயிரிழந்தனர். தலைவர்களின் வரலாறாகவே பெரிதும் சொல்லப்பட்டுவந்த இந்நிகழ்வில், தெருவில் இறங்கிய எளியவர்களின் மீதும் இந்நூல் கவனத்தைத் திருப்புகிறது. அதற்கு ஆதாரமாக அமைபவற்றுள் முதன்மையானவை காலனிய அரசு தன் தேவைக்காக உருவாக்கிய ஆவணங்களே.

இங்குக் கருதத்தக்கது ஆவணத்தின் இருபுற இயல்பு. வழக்கேடு ஒருவரைத் தண்டிப்பதற்காக எழுதப்படுகிறது. ஆனால் தண்டிப்பதற்கு அவருடைய பெயர், தந்தை பெயர், வயது, ஊர், தொழில் ஆகியவற்றைக் கேட்டறிய வேண்டியுள்ளது. குற்றத்தை மெய்ப்பிப்பதற்காகச் சேகரித்த அதே தகவல், நூற்றாண்டு கடந்து வரும் ஆய்வாளருக்கு வாழ்க்கையை மீட்டெடுக்கும் சான்றாகிறது. எழுதியவரின் நோக்கத்திற்கு மாறாக ஆவணத்தை வாசிப்பது என்பது இதுவே.

இந்நெறியை மலைப்பகுதிக்குப் பொருத்தும்போது முதலில் நினைவுக்கு வருவது தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தி. சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள அவ்வூரினர், ஜவ்வாது மலையில் வாழ்வோரைப் போலவே மலையாளி பழங்குடியினர். சந்தன மரக் கடத்தலைத் தேடுவதாகக் கூறி 1992 ஜூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறைப் பணியாளர்கள் ஊருக்குள் நுழைந்தனர். மக்கள் தாக்கப்பட்டனர், வீடுகள் சூறையாடப்பட்டன, பதினெட்டுப் பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாக்கப்பட்டனர். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் வழக்கு நடைபெற்ற காலத்திலேயே இறந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனத் தருமபுரி அமர்வு நீதிமன்றம் 2011 செப்டம்பர் 29 அன்று தீர்ப்பளித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29 அன்று அதனை உறுதிசெய்தது. தீர்ப்புக்கு முன்னர் நீதிபதி அவ்வூருக்கே நேரில் சென்று பார்வையிட்டார்.

ஆவண வரலாறு என்னும் நோக்கில் வாச்சாத்தியின் சிறப்பு வேறொன்று. கடத்தல்காரர் என்னும் சொல்லால் ஆவணத்திற்குள் கொண்டுவரப்பட்ட மக்கள், சாட்சிகளாக அதே ஆவணத்திற்குள் மீண்டும் நுழைந்து அச்சொல்லை மறுத்தனர். அதற்கு முப்பதாண்டுகளுக்கும் மேலாயின.

ஜவ்வாது மலையைப் பொறுத்தவரை அவ்வாறான மறுநுழைவு எளிதில் வாய்க்கவில்லை. 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரப் பிரதேசத்தின் சித்தூர் மாவட்டம் சேஷாசலக் காட்டில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் எனக் கூறப்பட்ட 20 பேர் அம்மாநிலச் சிறப்புக் காவல் படையால் சுட்டுக்கொல்லப்பட்டனர். அவர்கள் தமிழ்நாட்டின் தொழிலாளர்கள். ஜவ்வாது மலையையும் அதன் அடிவாரச் சிற்றூர்களையும் சேர்ந்தோர் அவர்களுள் கணிசமானவர்கள். கல்லாலும் கோடரியாலும் தாக்கப்பட்டதால் தற்காப்புக்காகச் சுட்டதாகக் காவல்துறை கூறியது. வழியில் பேருந்திலிருந்து இறக்கி அழைத்துச் செல்லப்பட்டவர்களும் இறந்தோருள் இருந்தனர் என மனித உரிமை அமைப்புகள் கூறின. தேசிய மனித உரிமை ஆணையமும் இதில் தலையிட்டது. இறந்தவர்கள் சாட்சி சொல்ல இயலாது. ஆகவே ஆவணத்தை மாற்றி வாசிக்கும் நெறி இங்கு ஓர் எல்லையை அடைகிறது: வழக்கேடு இறப்பிலிருந்து தொடங்குகிறது, இறப்புக்கு முந்தைய வாழ்க்கையை அறிய வேறு வழி வேண்டும்.

2. பொருளின் வழியே சமூகம்

அத்தகைய வழியொன்றை ஆ. சிவசுப்பிரமணியனின் நூல்கள் காட்டுகின்றன. ‘உப்பிட்டவரை’ தமிழ்ப் பண்பாட்டில் உப்பின் இடத்தை ஆராய்வது, ‘பனைமரமே! பனைமரமே!’ பனைக்கும் தமிழ்ச் சமூகத்திற்குமான உறவை விரிப்பது. அன்றாடப் பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டு அதன் உற்பத்தி, வரி, வழக்காறு, சடங்கு, சாதி உறவு ஆகியவற்றைத் தொடர்ந்து செல்லும்போது, பெயர் பதியப்படாத உழைப்பாளிகள் அப்பொருளைச் சுற்றி வெளிப்படுகின்றனர். நா. வானமாமலை வகுத்த நாட்டார் வழக்காற்றியல் மரபின் தொடர்ச்சியாகவும் இதனைக் காணலாம்.

ஜவ்வாது மலைக்கு இவ்வாறு ஒரு பொருளைத் தேர்ந்தெடுத்தால் அது சந்தனமாகவே இருக்கும். திருப்பத்தூரில் அரசின் சந்தன மரக் கிடங்கு அமைந்ததற்குக் காரணம் இம்மலையின் வளமே. 1882ஆம் ஆண்டுச் சென்னை வனச் சட்டம் காடுகளை ஒதுக்கக் காடுகளாக வரையறுத்தபோது, கொத்துக்காட்டு வேளாண்மையில் சாமையும் தினையும் விளைவித்து வந்த மலைக்குடிகளின் பயன்பாட்டுரிமை சுருங்கியது. சந்தனமோ அதனினும் இறுக்கமான கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. தம் நிலத்தில் தானாக முளைத்த மரத்தையும் உரியவர் விருப்பம்போல் வெட்டி விற்க இயலாத நிலை ஏற்பட்டது. விளைவாக, மலைவாழ் மக்கள் தம்மைச் சுற்றியிருந்த மிக விலையுயர்ந்த பொருளோடு கொள்ளக்கூடிய உறவு இரண்டாகக் குறைந்தது: ஒன்று அரசுக்குக் கூலியாக வெட்டுவது, மற்றொன்று சட்டத்திற்குப் புறம்பாக வெட்டுவது. கையில் இருந்த கோடரியும் அதனைக் கையாளும் திறனும் இரண்டிலும் ஒன்றே.

சந்தனம் அருகியபின் அத்திறனுக்கு வேறொரு காடு விலை பேசியது. செம்மரம் ஆந்திரத்தின் கடப்பா, சித்தூர், நெல்லூர், கர்னூல் பகுதி மலைகளில் இயற்கையாக வளர்வது. 1995 முதல் சைட்ஸ் உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பில் உள்ளது. சீனாவில் அறைகலன்களுக்கும் ஜப்பானில் இசைக்கருவிகளுக்கும் அது தேவைப்படுகிறது. அத்தேவைக்கும் ஜவ்வாது மலையின் கோடரிக்கும் இடையில் இடைத்தரகர், முன்பணம், வாகனம், துறைமுகம் எனப் பல கண்ணிகள் உள்ளன. அவற்றுள் காட்டுக்குள் நேராக நிற்பது வெட்டுபவர் மட்டுமே. பொருளின் வழியே சென்றால் இந்தச் சங்கிலி முழுவதும் தெரிகிறது. வழக்கேட்டில் அதன் கடைசிக் கண்ணி மட்டுமே தெரிகிறது.

3. உழைப்பின் கணக்கு

பொருளின் வரலாறு சங்கிலியைக் காட்டினும், ஒருவர் ஏன் அதில் கண்ணியாகிறார் என்பதற்கு விடை தருவதில்லை. அபர்ணா கார்த்திகேயன் ஆங்கிலத்தில் 2019இல் வெளியிட்ட நூலின் தலைப்பு, தமிழில் ‘ஒரு மணி நேரத்துக்கு ஒன்பது ரூபாய்’ எனப் பொருள்படும். பனையேறுதல், நாதசுரம் செய்தல், பொய்க்கால் குதிரை ஆட்டம் முதலாகத் தமிழகத்தில் மறைந்துவரும் வாழ்வாதாரங்களை அந்நூல் பேசுகிறது. கலையின் மேன்மையை வியப்பதோடு நில்லாமல், அக்கலையில் ஈடுபட்டவர் எத்தனை மணி நேரம் உழைக்கிறார், கைக்கு எவ்வளவு வருகிறது, அடுத்த தலைமுறை ஏன் விலகுகிறது என்று கணக்குக் கேட்பதே அதன் வலிமை.

மலையாளி குடும்பமொன்றின் ஓராண்டுக் கணக்கை இதே முறையில் போட்டுப் பார்க்கலாம். மழையை நம்பிய சாமை. பருவத்தில் புளி, கடுக்காய், தேன். எஞ்சிய மாதங்களில் கர்நாடக, கேரளத் தோட்டங்களுக்கோ திருப்பூருக்கோ கூலிக்குப் புறப்படுதல். இக்கணக்கில் விழும் பள்ளத்தை இடைத்தரகர் தரும் முன்பணம் நிரப்புகிறது. பணம் வாங்கும் நாளில் அது கடன். திருப்பிக் கொடுக்கும் வழி உழைப்பு. அவ்வுழைப்பின் இடம் மற்றொரு மாநிலத்தின் காப்புக்காடு. பேராசை என்னும் ஒற்றைச் சொல்லால் விளக்கப்படும் செயல், மாதவாரியான கணக்காக விரியும்போது வேறு உருவம் கொள்கிறது. சட்டமீறலை இக்கணக்கு நியாயப்படுத்துவதில்லை. ஆனால் தண்டனை யாரிடம் முடிகிறது, ஆதாயம் யாரிடம் சேர்கிறது என்பதை அது பிரித்துக் காட்டுகிறது.

4. வாய்மொழியும் கல்லும்

மேற்கண்ட மூன்று நெறிகளிலும் மலைமக்கள் பிறரால் எழுதப்படுகின்றனர். அவர்கள் தம்மைப் பற்றிச் சொல்லும் கதையும் சான்றாக வேண்டும். அத்தகைய கதையொன்று வடஆர்க்காடு மாவட்டக் கையேட்டில் பதிவாகி, 1909இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தொகுப்பிலும் இடம்பெற்றது. கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்துக் காரைக்காட்டு வேளாளரிடம் பெண் கேட்டு மறுக்கப்பட, ஏழு கன்னியரைக் கவர்ந்து சென்றனர். அவர்களை மீட்க ஏழு ஆடவர் ஏழு நாய்களுடன் புறப்பட்டனர். நாய்கள் மட்டும் திரும்பினால் தாங்கள் இறந்ததாகக் கருதி ஈமச்சடங்கு செய்துவிடுமாறு கூறிச் சென்றனர். பாலாற்று வெள்ளத்தில் நாய்கள் திரும்பிவிட்டன. வேடரை வென்று ஊர் மீண்ட ஆடவர், தமக்கு ஈமச்சடங்கு முடிந்துவிட்டதைக் கண்டனர். உயிரோடிருந்தும் இறந்தவர்களாகிய அவர்கள் மலையேறி, வேடர் குலப் பெண்களை மணந்தனர். அவர்களின் வழியினரே மலையாளிகள்.

இக்கதையை நிகழ்ந்த வரலாறாகக் கொள்ள இயலாது. ஆயினும் சமவெளிச் சமூகம் தம்மை இறந்தவராக அறிவித்துக் கணக்கிலிருந்து நீக்கியது என்னும் நினைவு அதன் மையத்தில் உள்ளது. சட்டத்தின் கணக்கும் விந்தையானதே. பட்டியல் பழங்குடியினர் ஆணை ‘மலையாளி’ என்னும் பெயரைச் சில மாவட்டங்களுக்கு மட்டும் வரையறுத்து, அவற்றுள் ஒன்றாக வடஆர்க்காட்டைக் குறிப்பிடுகிறது. அம்மாவட்டமோ 1989இல் பிரிக்கப்பட்டுவிட்டது. இன்று இல்லாத மாவட்டத்தின் பெயரால் ஒருவரின் பழங்குடித் தகுதி நிலைபெறுகிறது.

இதற்கு எதிர்நிலையில் நிற்பவை இதே நிலப்பரப்பின் நடுகற்கள். ஜவ்வாது மலையின் தென்புறத்தை ஒட்டிய செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1972இல் ‘செங்கம் நடுகற்கள்’ என நூலாக்கியது. ஆட்சியாண்டு, வீரனின் பெயர், அவன் யாருடைய சேவகன், எந்த ஆநிரைப் பூசலில் வீழ்ந்தான் என்பவற்றை அவை தருகின்றன. எடுத்தனூர் நடுகல், முதலாம் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் இறந்த வீரனோடு, அவனுக்காகக் கள்வரைக் கடித்து நின்ற கோவிவன் என்னும் நாயின் பெயரையும் பொறித்துள்ளது. ஏழாம் நூற்றாண்டில் ஒரு நாய்க்குக் கிடைத்த பெயர்ப்பதிவு, 2015இல் இறந்தவர்களுக்குப் பொதுநினைவில் கிடைக்கவில்லை. அவர்கள் ‘இருபது பேர்’ என்னும் எண்ணாகவே நினைக்கப்படுகின்றனர்.

எனினும் பெயரிடுதலே தீர்வாகிவிடாது. நடுகல் புகழுக்காக நடப்பட்டது. இறந்தவரின் உறவினர்க்கு அது பெருமை. வழக்கோடு பிணைந்த இறப்பில் பெயர் வெளிப்படுவது உயிரோடிருக்கும் குடும்பத்தாருக்குச் சுமையாகவும் ஆகலாம். பெயர் சொல்லும் உரிமை அவர்களுடையது. அவர்களின் ஒப்புதலின்றி ஆய்வாளர் அதனை எடுத்துக்கொள்ளலாகாது. அதனால்தான் இக்கட்டுரை பெயர்களைத் தவிர்க்கிறது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் பின்வருவன பெறப்படுகின்றன. வழக்கேடு மனிதரைத் தேதியோடும் இடத்தோடும் தருகிறது. ஆனால் குற்றத்திற்கோ இறப்பிற்கோ முந்தைய வாழ்வைத் தருவதில்லை. பொருளின் வரலாறு அவரை உலகச் சந்தையோடு இணைக்கிறது. ஆனால் தனிமனிதரின் தெரிவை விளக்குவதில்லை. உழைப்பின் கணக்கு அத்தெரிவை விளக்குகிறது; ஆனால் அவர் தம்மை யாரெனக் கருதினார் என்பதைச் சொல்வதில்லை. வாய்மொழி அதனைச் சொல்கிறது, தேதியைச் சொல்வதில்லை. ஒன்றன் குறையை மற்றொன்று நிரப்புமாறு நான்கையும் ஒருங்கே வாசிக்கும்போதே கண்ணமங்கலம் போன்ற அடிவார ஊரின் வரலாறு முழுமை நோக்கி நகரும்.

இதற்கான களப்பணியைத் தள்ளிப்போட இயலாது. சந்தனக் கூப்புகளில் கூலிக்கு வெட்டிய தலைமுறை முதுமை எய்திவிட்டது. அவர்களின் நினைவு பதியப்படாமல் போனால், வருங்கால ஆய்வாளருக்கு எஞ்சுபவை வனத்துறையின் மரக்கணக்கும் காவல்துறையின் வழக்கெண்ணும் மட்டுமே.