வெள்ளரிக் கொடி சொல்லும் பாடம்

"மகரந்தச் சேர்க்கை என்றால் என்ன?" ஆசிரியர் கேட்கிறார். மாணவன் எழுகிறான், மளமளவென ஒப்புவிக்கிறான், மதிப்பெண் பெற்று அமர்கிறான். சன்னலுக்கு வெளியே, வேலியோரத்து எருக்கம்பூவிலே ஒரு கருவண்டு அதே சேர்க்கையை நடத்திக்கொண்டிருக்கிறது. அவன் பார்க்கவில்லை, பார் என்று சொல்வாருமில்லை! இதைக் கல்வி என்பதா, கிளிப்பேச்சு என்பதா?

1841. பிரெஞ்சுக்காரர் ஆண்ட ரெயூனியன் தீவு. மெக்சிகோவிலிருந்து வந்த வனிலாக் கொடி அங்கே தழைத்தது, பூத்தது, காய்க்க மட்டும் மறுத்தது. தாயகத்தில் அதற்குத் துணைநின்ற பூச்சி தீவிலே இல்லை. பண்ணை முதலாளிகள் கையைப் பிசைந்தனர். காய்க்கவைத்தவன் யார்? எட்மண்ட் என்ற 12 வயதுச் சிறுவன். அடிமை! பள்ளிப்படிப்பு அறியாதவன். ஆனால், தர்ப்பூசணிப் பூக்களைக் கையால் கூட்டிக் காய்க்கவைக்கும் வித்தையைத் தோட்டத்திலே கற்றவன். அந்த அறிவுதான், ஒரு சிறு குச்சியும் கட்டைவிரலும் கொண்டு வனிலாவின் பூட்டைத் திறந்தது. இன்றும் உலகத்து வனிலாத் தோட்டங்களில் அவன் கண்ட முறையே! 1848-இல் அடிமைத்தளை அறுந்தது. 1880-இல் அவன் வறுமையிலே மாண்டான். மணம் உலகுக்கு, வறுமை அவனுக்கு!

ஏழைச் சிறுவனின் கையிலே செடியைக் கொடுத்தால் என்ன விளையும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா, தோழர்களே?

நாம் மாளிகை கேட்கவில்லை. பள்ளி மூலையில் பத்தடி மண் கேட்கிறோம். எருக்கு, தும்பை, ஆவாரை, கத்தரி, கறிவேப்பிலை, அவற்றோடு ஒரு வெள்ளரிக் கொடி. எருக்கிலையிலே வண்ணத்துப்பூச்சியின் புழு வளரும். தும்பையிலே தேனீ மொய்க்கும். கத்தரிப் பூவைப் பெருவண்டு பற்றி அதிர, உள்ளிருக்கும் மகரந்தம் கொட்டும்.

வெள்ளரியிலே ஒரு சோதனை. அடியில் குட்டிக் காயோடு நிற்கும் மொக்குதான் பெண் மொக்கு. மறுநாள் மலர இருக்கும் இரண்டை மாலையில் தேர்ந்து, ஒன்றை மெல்லிய துணிப்பையால் மூடச் சொல்லுங்கள். சில நாளில், மூடியது மஞ்சளித்து உதிரும்; தேனீ தொட்டது காயாகும். பத்துப் பக்கப் பாடம் சொல்லாததை அந்தப் பிஞ்சு சொல்லும்!

உலகின் முதன்மையான உணவுப் பயிர் வகைகளிலே நான்கில் மூன்றுக்கு மேல், சிறிதளவேனும் பூச்சி, பறவை, வௌவாலின் உழைப்பை நம்பி நிற்கின்றன. கூலி கேளாத அந்த உழைப்பாளிகளின் அருமை உழைப்பாளி மகனுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

பிஞ்சு உதிரக் கண்ட பிள்ளை வீடு திரும்புவான். மருந்துத் தெளிப்பானைத் தோளிலே மாட்டும் தந்தையைத் தடுப்பான்: "பூத்த வயலிலே காலையில் மருந்தடிக்காதீங்க, அப்பா! தேனீ வேலைக்கு வர்ற நேரம். அடிச்சே ஆகணும்னா, அது கூடு திரும்பின பிறகு அந்தியிலே அடிங்க."

மகன் சொல்லத் தந்தை கேட்கும் அந்த நாள்தான் பள்ளிக்கூடம் ஊருக்குப் பயன்பட்ட நாள். பத்தடி மண்ணுக்கா பஞ்சம்? மனமிருந்தால் நாளைக்கே மண்வெட்டி எடுக்கலாம். எடுப்போம், வாரீர்!