உங்களுக்குத் தெரியுமா? ஐப்பசி மழையில் படப்பைக்கு வரும் பறவைகள்

● ஐரோப்பாவில் மரங்கள் இலை உதிர்க்கும் அக்டோபரில் படப்பையில் புல் தழைக்கிறது. அங்கே குளிர் இறங்க இறங்கப் புழு பூச்சி ஒடுங்கிவிடும். இங்கே வடகிழக்குப் பருவமழை நாலு தூறல் போட்டாலே ஈசல் கிளம்பிவிடும். சின்னஞ்சிறு பறவைகள் இமயமலையைத் தாண்டி வருவதற்குக் குளிரைவிடப் பசியே பெரிய காரணம். பறவை பார்க்க நமக்கு வாய்த்த பருவம் புரட்டாசி, ஐப்பசி, கார்த்திகை. குடையை மறக்காதீர்கள்.

● வண்டலூர்–வாலாஜாபாத் சாலையில் இருப்பவர்களுக்கு முதலில் கண்ணில் படக்கூடியது வாலாட்டி. நான்கு வகையை நம் வட்டாரத்திலேயே பிரித்துப் பார்க்கலாம். கறுப்பும் வெள்ளையுமாக, கண்ணுக்கு மேல் வெள்ளைப் புருவம் தீட்டியது போல இருப்பது வெண்புருவ வாலாட்டி. ஆண்டு முழுதும் நம்மோடு இருக்கும் உள்ளூர்க்காரர். அதன் அறிவியல் பெயரிலேயே மதராசப்பட்டினம் இருக்கிறது: மோட்டாசில்லா மதராஸ்படென்சிஸ், 1789-இல் வைத்த பெயர். மற்ற மூன்றும் வெளியூர். சாம்பல் வாலாட்டி மலை ஓடைகளிலிருந்து வருகிறது. முந்தி வந்து சேரும் வலசைப் பறவைகளில் இதுவும் ஒன்று. மஞ்சள் வாலாட்டி ஈர வயலையும் ஏரி ஓரப் புல்லையும் விடாது.

நான்காவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: கொடிக்கால் வாலாட்டி. மற்ற வாலாட்டிகள் எல்லாம் வாலை மேலும் கீழும் ஆட்டும். இது மட்டும் உடம்பின் பின்பாதியையே இடமும் வலமுமாக அசைக்கும். கிழக்கு சைபீரியா, கொரியா, சீனப் பகுதிகளில் கூடு கட்டுகிறது, அதுவும் மரத்தில். வாலாட்டிகளில் வேறு எதற்கும் அந்தப் பழக்கம் கிடையாது. ஏரிக்கரை ஓரத்துச் சுடுகாட்டுப் புளியமரத்தடியில் நின்று கவனித்துப் பாருங்கள். உதிர்ந்த புளிய இலைமேல் ஓசையே இல்லாமல் நாலடி நடக்கும், நிற்கும், இடுப்பை அசைக்கும், சருகைக் குத்தும். மார்பில் இரண்டு கறுப்புப் பட்டை. மேல்பட்டை கழுத்தணி போலத் தெளிவாக இருக்கும், கீழ்ப்பட்டை நடுவில் விட்டுப்போயிருக்கும். நாம் ஒரு காலை எடுத்து வைத்தால் கிளைக்கு ஏறிவிடும். அசையாமல் நின்றால் மறுபடி இறங்கும்.

● சுடுகாட்டுக்கா பறவை பார்க்கப் போவது என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள். ஆனால் ஊரில் யாரும் மரம் வெட்டத் தயங்குகிற இடம் அதுதான். யாரும் பூச்சிமருந்து அடிப்பதில்லை. வண்டி போவதில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, சருகை யாரும் கூட்டி எரிப்பதில்லை. சருகுக்குக் கீழேதான் வண்டும் புழுவும் பூரானும் இருக்கின்றன. இமயத்தைத் தாண்டி வந்த பறவைக்குப் பந்தி அங்கேதான். சிமெண்டுக் கல் பாவி, வரிசையாகக் குரோட்டன்ஸ் வைத்த பூங்காவில் இந்தப் பறவைகள் இறங்குவது அரிது.

● அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் மாநிலத்து மவுண்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டம் 1831-இல் தொடங்கியது. இன்று வலசைக் காலத்தில் பறவை பார்ப்பவர்கள் தேடிப் போகும் இடங்களில் அதற்குத் தனிப் பெயர் உண்டு. இன்னும் நமக்கு நெருக்கமானது சிங்கப்பூரின் பிடாடாரி. கிறிஸ்தவர், முஸ்லிம், இந்து என எல்லோருக்கும் இடமிருந்த இடுகாடு அது. அங்குள்ள தமிழர்களுக்கும் தெரிந்த பெயர். 1972-இல் அடக்கம் செய்வது நின்றது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எலும்புகளைத் தோண்டி எடுத்து வேறிடம் கொண்டுபோன பிறகு, ஆளரவமற்றுக் கிடந்த அந்த மரக்கூட்டம் செப்டம்பர் முதல் வலசைப் பறவைகள் குவியும் இடமாயிற்று. பிறகு அடுக்குமாடிக் குடியிருப்பு வந்தது. பறவை ஆர்வலர்கள் சும்மா இருக்கவில்லை. மேட்டுப் பகுதியின் மரங்கள் சிலவற்றையாவது விட்டுவைக்க வேண்டும் என்று வாதாடினார்கள். அந்த மேடு இப்போது பிடாடாரிப் பூங்காவுக்குள் இருக்கிறது. பூங்கா திறந்தது 2024-இல்.

● நந்தம்பாக்கத்தில் 1952-இல் அமைத்த போர்வீரர் கல்லறை வேறு மாதிரி: ஒட்ட வெட்டிய புல்வெளி, வரிசை தப்பாத கற்கள். இப்படிப்பட்ட திறந்த புல்லில் கொண்டலாத்தியைத் தேடலாம். ஆறுமணிக் குருவியைத் தேடிப் பயனில்லை. சருகு வேண்டும் அதற்கு.

● ஆறுமணிக் குருவி. விடிகாலை ஆறு மணி வாக்கிலும் அந்தி ஆறு மணி வாக்கிலும் இரண்டு சுருதியில் ஒரு விசில் அடிக்கும். மைனாவைவிடச் சிறிய உடம்பு. வால் இருந்தும் இல்லாதது போல். முதுகு பச்சை, தோளில் மின்னும் நீலம், வயிற்றடியில் குங்குமச் சிவப்பு, கண் வழியாக அகலமான கறுப்புப் பட்டை. இவ்வளவு வண்ணம் இருந்தும் புதரடி இருட்டில் நின்றால் தெரியாது. மயில் தன் உடையைத் திருடிக்கொண்டதாக அது புலம்புகிறது என்று இலங்கையில் சிங்களக் கதை ஒன்று சொல்வார்கள்.

இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டுத் தெற்கே வருகிறது. பறப்பது இரவில். அக்டோபரில் களைத்துப்போய் வீட்டுத் திண்ணையிலும் பள்ளி வராந்தாவிலும் தொழிற்சாலைக் கேண்டீன் வாசலிலும் விழுந்து கிடப்பதுண்டு. அப்படி ஒன்று உங்கள் கண்ணில் பட்டால் இதைச் செய்யுங்கள்: காற்றுத் துளை போட்ட அட்டைப் பெட்டிக்குள் பழந்துணி விரித்து மெல்ல உள்ளே விடுங்கள். மூடி, இருட்டான அமைதியான மூலையில் வையுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழலில் போய்விடும். சோறு, பிஸ்கட் வேண்டாம். சில மணி நேரத்தில் தெம்பு வந்து பெட்டிக்குள் குதிக்கத் தொடங்கினால், புதர் இருக்கும் இடத்தில், பூனை நாய் இல்லாத பக்கமாகத் திறந்துவிடுங்கள். சிறகு தொங்கினால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். அழகாக இருக்கிறதே என்று கூண்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டு வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

● வேடந்தாங்கல் நாரைகள் ஆஸ்திரேலியாவிலிருந்து வருகின்றன என்று இன்னமும் பலர் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கூழைக்கடா, சங்குவளை நாரை, நத்தைக்குத்தி நாரை, வக்கா எல்லாமே நம் நாட்டுப் பறவைகள். தண்ணீர் இருக்கும் இடம் தேடி இந்தியாவுக்குள்ளேயே அலைபவை. அடையாளம் எளிது. இங்கே கூடு கட்டினால் நம் ஊர்ப் பறவை. சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் வருபவை இங்கே தின்னும், உறங்கும், இறகு மாற்றும். முட்டையிடுவது ஊர் திரும்பிய பிறகுதான்.

● அதே வேடந்தாங்கலில், பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊரார் கேட்க, செங்கல்பட்டு கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் அவர்களின் உரிமையை ஒப்புக்கொண்டது 1798-இல். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரம் என்பது அந்த உழவர்களுக்கு அனுபவத்தில் தெரிந்திருந்தது.

● பூங்கா என்று சொல்லிக்கொள்ளப் படப்பையில் பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி கொடுக்கும்போது வழக்கமாக ஒரு நிபந்தனை சேர்ப்பார்கள்: மொத்த இடத்தில் 33 விழுக்காடு பசுமைப் பட்டை. காம்பவுண்டு ஓரத்து வேம்பும் புங்கனும் பூவரசும் இப்போது வளர்ந்து நிற்கின்றன. ஷிப்ட் பஸ்ஸுக்காகக் காத்திருக்கும்போது முள்கம்பி வேலியைக் கவனியுங்கள். கறுப்பு முகமூடி, பழுப்பு முதுகு, கொக்கிபோல் வளைந்த அலகோடு கரகரவென்று கத்திக்கொண்டு ஒரு பறவை உட்கார்ந்திருந்தால் அது பழுப்புக் கீச்சான். வடகிழக்கு ஆசியாவிலிருந்து வருவது. வந்த புதிதில் கத்தல் அதிகம். இது என் இடம் என்று மற்றக் கீச்சான்களுக்குச் சொல்கிறது. போன குளிர்காலத்தில் இருந்த அதே இடத்துக்கே திரும்பி வரும் பறவை இது. இடைப்பட்ட மாதங்களில் அந்தப் புதரை வெட்டி ஷெட் போட்டிருந்தால், அவ்வளவு தூரம் பறந்து வந்தது அந்த ஷெட்டைப் பார்க்கத்தான் என்றாகிவிடும். பசுமைப் பட்டையில் அடிப்புதரை வழித்தெடுக்காமல் விடச் சொல்லித் தோட்டப் பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள், செலவில்லாத வேலை.

● புதருக்குள்ளிருந்து “செக்… செக்…” என்று ஒரே சத்தம், ஆளைக் காணோம் என்றால் அநேகமாக நாணல் கதிர்க்குருவி. எடை பத்துப் பன்னிரண்டு கிராம்தான். பின்லாந்து வரைக்கும் பரவிய இடங்களில் பிறந்து, குளிர்காலத்துக்கு இந்தியத் துணைக்கண்டத்துக்கு வந்து சேர்கிறது.

● சிறு பறவைகளில் பல இரவில்தான் வலசை போகின்றன. விண்மீன்களும் பூமியின் காந்தப்புலமும் வழிகாட்டி. பலமான விளக்கு குறுக்கே வந்தால் குழம்பிப்போய் அதையே சுற்றும். நியூயார்க்கில் செப்டம்பர் 11 நினைவாக ஆண்டுக்கு ஓர் இரவு வானை நோக்கிப் பாய்ச்சும் ஒளிக்கற்றை, ஏழு ஆண்டுகளின் ஏழே இரவில் சுமார் 11 லட்சம் பறவைகளை ஈர்த்துக் குழப்பியது என்று 2017-இல் ஆய்வு வெளியானது. ஆறுதலான செய்தியும் அதிலேயே இருக்கிறது: விளக்கை அணைத்த சில நிமிடத்தில் பறவைகள் கலைந்து தம் வழியில் போய்விட்டன. சிகாகோவில் 2023 அக்டோபர் 5 அன்று ஒரே கட்டடத்தின் கண்ணாடியில் மோதி ஏறக்குறைய ஆயிரம் பறவைகள் செத்தன. அடுத்த ஆண்டு கண்ணாடி முழுக்கச் சிறு புள்ளிகள் கொண்ட படலம் ஒட்டினார்கள். சாவு மளமளவென்று குறைந்தது. நம் அசாமின் ஜாதிங்கா கிராமத்தில் மழைக்காலக் கடைசியில், நிலவில்லாத பனிமூட்ட இரவுகளில் விளக்கை நோக்கிப் பறவைகள் வந்து விழுவது உலகறிந்த செய்தி.

மூன்று ஷிப்ட் ஓடும் ஒரகடத்தில் இரவே பகல் மாதிரிதான். வெளிச்சம் வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வானத்தைப் பார்த்த விளக்குக்கு ஒரு மூடி போட்டுத் தரையைப் பார்க்கத் திருப்பினால் யார்டில் வேலை செய்பவருக்கும் நல்லது, மேலே பறப்பதற்கும் நல்லது.

● அடையாறு கடலில் கலக்கும் இடம் எல்லோருக்கும் தெரியும். அதன் தலைப்பு நம் பக்கம். மணிமங்கலம், ஆதனூர் வட்டாரத்து ஏரிகளின் உபரிநீர்தான் 42 கிலோமீட்டர் ஓடி, பிரம்மஞான சபைத் தோட்டத்தையும் குயிபிள் தீவுக் கல்லறையையும் ஒட்டிய முகத்துவாரத்தை அடைகிறது. ஆற்றின் இரு முனையும் பறவைக்கு வேண்டிய இடங்கள். இங்கே ஏரியில் தண்ணீர் மட்டத்தைப் பார்த்தே என்ன பறவை இருக்கும் என்று சொல்லிவிடலாம். செப்டம்பரில் சேறு தெரிந்தால் உள்ளான்கள்: பொரி உள்ளான், இருபது முப்பது கிராம் எடையில் ஆர்க்டிக் ஓரத்திலிருந்து வரும் கொசு உள்ளான். மழை பெய்து கரை தொட்டால் அவை விலகும். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து வரும். கோரைக்கு மேலே தாழப் பறந்து சேற்றுப் பூனைப்பருந்து ரோந்து சுற்றும். கலங்கல் வழிந்தால் மீனுக்காகக் கொக்கும் நாரையும் வரிசை கட்டும்.

● கூகை சுடுகாட்டில் அலறுவது சாவுக்கு அறிகுறி இல்லை. அங்கே எலி இருக்கிறது.

● சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. கூட்டில் குஞ்சு இருக்கும் என்பதால் ஊரே கூடி எடுத்த முடிவு. தலைமுறை கடந்தும் நிற்கிறது.

● இந்தியப் பறவைகளைப் பற்றி ஐரோப்பாவில் அச்சான மிகப் பழைய பட்டியல்களில் ஒன்று நம் சென்னையிலிருந்து போனது. புனித ஜார்ஜ் கோட்டையின் மருத்துவர் எட்வர்ட் பக்லி அனுப்பிய 22 பறவைகளின் படங்களும் குறிப்புகளும் 1713-இல் ஜான் ரேயின் நூலில் வெளிவந்தன. நம் காலத்துக்கு வந்தால் மா. கிருஷ்ணன் (1912–1996). பெரிய காடுகளைப் பற்றி எழுதிய அதே கவனத்தோடு வீட்டுக் கொல்லைப் பறவைகளைப் பற்றியும் எழுதியவர்.

● எங்கே தொடங்குவது? வண்டலூர் உயிரியல் பூங்கா பக்கத்திலேயே இருக்கிறது. கூண்டுகளைத் தாண்டி அங்குள்ள ஓட்டேரிக்குப் போங்கள். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் தானாக வந்து தங்கும் பறவைகள் அங்கே உண்டு. செவ்வாய்க்கிழமை விடுமுறை. தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி வளாகத்தின் புதர்க்காடும் நல்ல இடம். அனுமதி கேட்டுக்கொண்டு போக வேண்டும். சுடுகாட்டுக்குப் போவதானால் விடிகாலை போங்கள். காரியம் நடக்கும்போது வெளியே வந்துவிடுங்கள். கேமராவைத் தோளிலிருந்து எடுக்காதீர்கள்.

● அக்டோபர் இரண்டாவது சனிக்கிழமை உலக வலசைப் பறவைகள் நாள். நவம்பர் 12 சாலிம் அலி பிறந்த நாள் (1896). தை பிறந்ததும் தமிழகமெங்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு. ஒரு இடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்ததையும் கேட்டதையும் எண்ணிக்கையோடு இ-பேர்டு தளத்தில் பதிய வேண்டும். மொட்டைமாடியில் நின்றும் செய்யலாம். கீச்சானையும் வாலாட்டியையும் மட்டும் எழுதிவிட்டுக் காக்கை, மைனா, புறாவை விட்டுவிடாதீர்கள். அவற்றின் எண்ணிக்கையும் கணக்கில் வர வேண்டும்.