பைபாஸ் அறுவை சிகிச்சைக்குப் பின்: காலிலிருந்து எடுத்த சிரை எத்தனை ஆண்டுகள் திறந்திருக்கும்?

பைபாஸ் அறுவை சிகிச்சை முடிந்து வீடு திரும்பும்போது, "அடைப்பு சரியாகிவிட்டதா?" என்று பலரும் கேட்கின்றனர். அடைப்பு அகற்றப்படுவதில்லை. அடைபட்ட இடத்தைத் தாண்டி இரத்தம் செல்வதற்கு ஒரு மாற்றுப் பாதை அமைக்கப்படுகிறது. அடைப்பை உண்டாக்கிய நோய் உடலில் தொடர்ந்து இருக்கிறது. ஆகவே, அந்த மாற்றுப் பாதை எவ்வளவு காலம் திறந்திருக்கும், அதைத் திறந்து வைத்திருக்க என்ன செய்ய வேண்டும் என்பதை நோயாளியும் பராமரிப்பவரும் அறிந்திருப்பது அவசியம்.

மாற்றுப் பாதைக்குப் பெரும்பாலும் இரண்டு இரத்தக்குழாய்கள் பயன்படுத்தப்படுகின்றன. மார்பெலும்பை ஒட்டி உட்புறமாக ஓடும் இடது மார்புத் தமனி, இதயத்தின் முன்பகுதிக்கு இரத்தம் தரும் முக்கியத் தமனியுடன் இணைக்கப்படுகிறது. ஏனைய இடங்களுக்கு, கணுக்காலிலிருந்து தொடை வரை காலின் உட்புறமாகச் செல்லும் சஃபீனஸ் சிரையிலிருந்து துண்டுகள் எடுக்கப்படுகின்றன. 1967ஆம் ஆண்டு அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில், அர்ஜென்டினாவைச் சேர்ந்த ரெனே ஃபவலோரோ இச்சிரையைக் கொண்டு அறுவை சிகிச்சை செய்த பின்னரே இம்முறை உலகெங்கும் பரவியது. சிரையை எடுத்துவிட்டால் காலுக்குத் தீங்கு வருமோ என்று அஞ்ச வேண்டாம். காலின் ஆழத்தில் உள்ள சிரைகள் அந்தப் பணியைச் செய்கின்றன. சில வாரங்களுக்கு வீக்கம் இருக்கலாம். அமரும்போது காலைச் சற்று உயர்த்தி வைத்தால் குறையும்.

மார்புத் தமனி இணைப்புகளில் 10க்கு 9, பத்து ஆண்டுகளுக்குப் பின்னரும் திறந்தே இருக்கின்றன. சிரை இணைப்புகள் அவ்வாறு நீடிப்பதில்லை. முதல் ஆண்டிற்குள்ளேயே சுமார் 10 முதல் 20 விழுக்காடு அடைபடுகின்றன. பத்து ஆண்டுகள் கழித்துத் திறந்திருப்பவை ஏறத்தாழ பாதி முதல் 60 விழுக்காடு வரையே. இந்த எண்களைப் படித்து மனம் தளர வேண்டாம். இவை இணைப்புகளின் கணக்கு, மனிதர்களின் கணக்கு அன்று. ஒரு நோயாளிக்கு மூன்று அல்லது நான்கு இணைப்புகள் இருக்கும். அவற்றில் ஒன்று அடைபட்டாலும் எந்தத் தொல்லையும் உணராதவர் பலர் உள்ளனர்.

சிரை ஏன் விரைவில் அடைபடுகிறது? கால் சிரை, குறைந்த அழுத்தத்தில் இரத்தத்தை இதயத்திற்குத் திருப்பி அனுப்பவே அமைந்தது. அதன் சுவர் மெல்லியது. அதை இதயத்தில் பொருத்தியவுடன், ஒவ்வொரு துடிப்பிலும் தமனியின் முழு அழுத்தமும் அதன்மீது விழுகிறது. முதல் மாதத்தில் அடைபடுவதற்கு இரத்தம் உறைந்து கட்டியாவதே முதன்மைக் காரணம். அதன்பின் ஓராண்டு வரை, புதிய அழுத்தத்திற்கு ஈடுகொடுக்கச் சிரையின் உட்சுவர் தடிக்கிறது, உட்பாதை குறுகுகிறது. தடித்த அந்தச் சுவரில் பின்வரும் ஆண்டுகளில் கொழுப்பு படிகிறது. இதயத் தமனிகளில் பல பத்தாண்டுகளில் நிகழ்ந்த அதே நோய், சிரையில் சில ஆண்டுகளிலேயே நிகழ்ந்துவிடக்கூடும்.

அறுவை மருத்துவரின் பணி முடிந்த பின், இந்த மூன்றையும் தடுக்கும் பணி பெரிதும் உங்கள் மாத்திரைப் பெட்டியில்தான் உள்ளது. ஆஸ்பிரின் இரத்தம் உறைவதைத் தடுக்கிறது. அறுவை சிகிச்சை முடிந்த சில மணி நேரத்திலேயே தொடங்கப்படும் இம்மருந்து, பொதுவாக வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டியது. பல் பிடுங்குவதற்காகத் தாமாகவே ஒரு வாரம் நிறுத்திவிட்டு வருவோரைப் புறநோயாளிப் பிரிவில் அடிக்கடி காண்கிறோம். சாதாரணமாகப் பல் எடுப்பதற்குப் பெரும்பாலும் ஆஸ்பிரினை நிறுத்தத் தேவையில்லை. பைபாஸ் செய்துகொண்டவர் என்பதைப் பல் மருத்துவரிடம் முதலிலேயே கூறுங்கள். நிறுத்துவதா இல்லையா என்பதை இதய மருத்துவர் முடிவு செய்யட்டும். மலம் கருநிறமாகப் போனாலோ இரத்த வாந்தி எடுத்தாலோ தாமதமின்றி மருத்துவமனைக்கு வாருங்கள்.

அட்டோர்வாஸ்டேட்டின், ரோசுவாஸ்டேட்டின் போன்ற கொழுப்பைக் குறைக்கும் மருந்துகளே அதிகம் கைவிடப்படுகின்றன. "கொழுப்பு சரியாக இருக்கிறது என்று பரிசோதனையில் வந்துவிட்டது, இனி எதற்கு மாத்திரை?" என்பது வழக்கமாகக் கூறப்படும் காரணம். மாத்திரை சாப்பிடுவதால்தான் அளவு குறைந்துள்ளது. நிறுத்தினால் சில வாரங்களில் பழைய அளவுக்கே ஏறிவிடும். பைபாஸ் செய்துகொண்டவர்களிடம் நடத்தப்பட்டு 1997இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கெட்ட கொழுப்பான எல்.டி.எல். அளவை மிதமாகக் குறைத்தவர்களிடம் 39 விழுக்காடு சிரை இணைப்புகளில் நோய் முற்றியிருந்தது. தீவிரமாகக் குறைத்தவர்களிடம் அது 27 விழுக்காடாக இருந்தது. இன்று எல்.டி.எல். 70 மில்லிகிராமுக்குக் கீழும், பலருக்கு 55க்குக் கீழும் இருக்க வேண்டும் என்று மருத்துவர்கள் இலக்கு வைக்கின்றனர். பரிசோதனைச் சீட்டில் "இயல்பு" என்று அச்சிடப்பட்டிருக்கும் அளவு பொதுமக்களுக்கானது, உங்களுக்கானது அன்று. மாத்திரையால் தசைவலி ஏற்பட்டால் நிறுத்திவிடாமல் மருத்துவரிடம் கூறுங்கள். அளவையோ மருந்தையோ மாற்றித் தர இயலும்.

புகையிலையை முற்றிலும் விட வேண்டும். நாளொன்றுக்கு ஒன்று என்ற சலுகை இதில் இல்லை. சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும் என்பதை நீங்கள் அறிவீர்கள்.

இணைப்பு அடைபட்டால் நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், மூச்சுத்திணறல், முன்பு இல்லாத களைப்பு ஆகியவை தோன்றலாம். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு வலியே இல்லாமலும் இருக்கலாம். ஆகவே அவர்களின் மூச்சுத்திணறலை வயதின் மீது பழி போட்டு விட்டுவிடக் கூடாது. ஓய்விலும் நீங்காத நெஞ்சுவலி, வியர்வை, மயக்கம் ஆகியவற்றுக்கு உடனே 108ஐ அழையுங்கள். அடைப்பு உறுதியானால், பல நேரங்களில் அடைபட்ட சிரையைத் திறப்பதைவிட இதயத்தின் சொந்தத் தமனியிலேயே ஸ்டென்ட் பொருத்துவது மேலானது. இரண்டாம் முறை அறுவை சிகிச்சை செய்ய இயலும். ஆனால் அதில் ஆபத்து முதல் முறையைவிட அதிகம்.

மருத்துவமனையிலிருந்து தரப்பட்ட வெளியேற்றச் சுருக்கத்தில், எந்தத் தமனிக்கு எந்தக் குழாய் இணைக்கப்பட்டது என்று எழுதப்பட்டிருக்கும். அதன் நகல் ஒன்றை மாத்திரைகளுடன் வைத்திருங்கள். நள்ளிரவில் நெஞ்சுவலியுடன் வேறொரு மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்தால், அங்குள்ள மருத்துவர் முதலில் தேடுவது அந்தத் தாளையே.